முப்பத்தேழாம் எண் கிடாவின் தாய்

போன வாரம் நிவேதா எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்த பெண். ஆட்டின் காதில் மஞ்சள் தோடு குத்தி, அந்த எண்ணைப் போனில் ஏற்றுகிற வேலை இப்போது வந்திருக்கிறது.

"மேடம், ஆப்புல தாயோட நம்பர் கேக்குது. ஆட்டுக்காரம்மா ஒரு ஆட்டைக் கைகாட்டுறாங்க. அந்த நம்பரையே போட்டுறட்டுமா?"

நான் எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. எங்க நின்னு கேட்டே?"

"இங்கதான், கொட்டாய்க்குள்ள."

"அந்தம்மாவ வெளியில கூட்டிட்டு வந்து இன்னொரு தடவை கேளு."

"ஏன் மேடம்?"

அது பெரிய கதை என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அனுபவம் எழுதுகிறவர்கள் எல்லாம் தாங்கள் கற்றதை எழுதுவார்கள். எனக்கு இந்த விஷயத்தில் கற்றது எது, குழம்பியது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கால்நடை ஆய்வாளராக இருந்தவள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் மாறி மாறி வேலை. ஊரில் யாருக்கும் இந்த வித்தியாசம் கிடையாது. ஊசிப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் டாக்டரம்மாதான். மறுத்துச் சொல்லி அலுத்து, பத்து வருஷத்தில் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாடு உதைக்கும், ஆடு உதறும், எருமை யோசித்து உதைக்கும் என்று தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் வேலைக்கு வந்தபின்தான்.

ஓய்வுக்கு ஏழெட்டு வருஷம் இருக்கும்போது ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். நாட்டு வெள்ளாடுகளில் சில சீக்கிரம் வளர்கின்றன, சில எவ்வளவு தின்றாலும் குச்சியாகவே நிற்கின்றன. உடம்பை வளர்க்கிற சுரப்புக்கான மரபணுவில் ஆட்டுக்கு ஆடு ஏதாவது மாறுதல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நம் பக்கத்துப் பள்ளையாடு, சேலம் கருப்பு, தெற்கத்திக் கொடியாடு என்று மூன்று வகை. ஆட்டைத் தேடிப் போவது, எடை போடுவது, இரத்தம் எடுப்பது, தாய் எது பிள்ளை எது என்று குறித்து வருவது என் பாடு. ஆய்வகத்தில் பார்ப்பது வேறு ஆட்கள். எல்லாவற்றுக்கும் மேலே டாக்டர் இளவழகன் சார்.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி ஓரத்தைத் தேடுவது போலக் கையைக் கீழே கொண்டு போவார். பேண்ட் போட்டிருப்பது அப்போதுதான் ஞாபகம் வரும், சட்டை நுனியில் துடைப்பார். பெண்களை எல்லாம் 'அம்மா' போட்டுத்தான் கூப்பிடுவார். எங்கள் குறிப்பேட்டில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எதை எழுதினாலும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடவேண்டும். கண்ணால் பார்த்திருந்தால் 'பா'. பிறர் சொல்லிக் கேட்டிருந்தால் 'கே'. நாமாக நினைத்து எழுதினால் 'நி'. எழுத்து இல்லாத வரியை அவர் படிக்கவே மாட்டார்; விரலை வைத்து, "கலைச்செல்வியம்மா, பாத்தீங்களா, கேட்டீங்களா, நினைச்சீங்களா?" என்பார். வீட்டில் என் கணவர் "சாம்பார்ல உப்பு கம்மி" என்றால், "பாத்தீங்களா கேட்டீங்களா" என்று நான் கேட்கிற அளவுக்கு அது தொற்றிக்கொண்டது.

ஊர் ஊராகப் போனதில் வேடிக்கைக்குக் குறைவில்லை. செட்டிகுளத்தில் ஆட்டை எடை போடவே விடமாட்டேன் என்றார்கள். தராசில் தொங்கினால் ஆடு இளைத்துவிடுமாம். சாக்கில் நான்கு கால் ஓட்டை போட்டு, அதற்குள் ஆட்டை இறக்கி, கொக்கித் தராசில் மாட்டுவோம். ஆடு நான்கு காலும் தொங்க, நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒவ்வோர் ஆட்டுக்கும் நெற்றியில் கரிப்பொட்டு வைத்தபின் எடை போட ஒத்துக்கொண்டார்கள். "பொட்டோட எடையையும் கழிச்சுக்குங்க டாக்டரம்மா" என்று ஒருவர் கிண்டல் செய்ய, சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திருமழபாடியில் குட்டி பிறந்த நாளைக் கேட்டால், "நந்தி கல்யாணத்துக்கு மறுநா" என்று பளிச்சென்று பதில் வரும். நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனேன். சார் பார்த்துவிட்டு, "எந்த வருஷத்து நந்தி கல்யாணம்மா?" என்றார். அதைக் கேட்க மறுபடி கொள்ளிடக்கரைக்கு ஒரு நடை போனேன்.

இரத்தம் எடுப்பதில் ஒரு முறை உண்டு. கழுத்தில் ஒரு விரல் அகலம் மயிரை மழிக்கவேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கட்டைவிரலால் கீழே அழுத்தினால் நரம்பு புடைத்துவரும். ஊதா மூடி போட்ட குழாயில் இரத்தம் ஏறியதும் குலுக்கக்கூடாது; தூளியை ஆட்டுவது போல மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுக்கவேண்டும். எண்ணைப் பென்சிலால்தான் எழுதவேண்டும், ஐஸ் தண்ணீர் பட்டால் பேனா மை கரைந்துவிடும். இதை எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஆண்டிமடத்துக்கு வருகிறேன்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி மருதாயி வீடு. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏழெட்டு ஆடுகள். நான் முதலில் போனபோது செம்பி என்ற பழுப்புநிறப் பள்ளையாட்டின் மடியில் இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பெட்டை. இன்னொன்று கிடா, கறுப்பு. பால் குடிக்கும் வேகத்தில் செம்பியின் பின்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின.

"இதோட தாய் இதானே?" என்று செம்பியின் முதுகில் கைவைத்துக்கொண்டு கேட்டேன்.

மருதாயி செம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, அதேதான். வேற யாரு?" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

'தாய்: செம்பி' என்று எழுதினேன். குட்டி பால் குடிப்பது கண்ணெதிரே நடக்கிறது. பக்கத்தில் 'பா' போட்டேன்.

மூன்று மாதம் கழித்து இரத்தம் எடுக்கப் போனேன். அந்தக் கிடாக்குட்டி, கூடப் பிறந்ததாகச் சொன்ன பெட்டையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. சாக்கோடு தூக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. குழாயில் செம்பிக்கு எண் முப்பத்தாறு, கிடாவுக்கு முப்பத்தேழு. அன்றைக்குப் பார்த்துக் காலையிலேயே பென்சில் முனை உடைந்திருந்தது. பிளேடு இருந்தது, சீவியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பேனாவால் எழுதினேன்.

வழியில் ஜெயங்கொண்டத்தில் ஒருவர் கொடியாடு வளர்த்தார். அங்கே காலையிலேயே எடுத்த குழாய்களும் அதே ஐஸ் பெட்டியில்தான் இருந்தன. அவற்றில் ஒன்றின் எண் முப்பத்தொன்று. அதையும் பேனாவால்தான் எழுதியிருந்தேன். அரியலூர் வந்து பெட்டியைத் திறந்தபோது ஐஸ் உருகி, இரண்டு குழாய்களில் மை ஓடியிருந்தது. மூன்று தெரிகிறது, அடுத்தது ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் தலைக்கோடு போன்ற ஒரு நிழல் இருந்தது. அதை முப்பத்தேழு என்று எழுதினேன். மற்றது முப்பத்தொன்று. குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் 'நி' போடவேண்டும். சார் விரலை வைப்பார். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

எட்டு மாதம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிது.

அந்த மரபணுவில் ஏ, பி என்று இரண்டு விதம். ஒவ்வோர் ஆட்டுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். நம் பக்கத்து ஆடுகளில் பார்த்தவை எல்லாமே ஏ-ஏ. செம்பியும் ஏ-ஏ. கொடியாடுகள் சிலவற்றில் பி இருந்தது. பி இருந்தவை நன்றாக வளர்ந்திருந்தன. முப்பத்தேழாம் எண் கிடா பி-பி.

"தாய்கிட்ட இல்லாத ஒண்ணு பிள்ளைக்கு எப்படிம்மா வரும்?" என்றார் சார். "தகப்பன்கிட்டேர்ந்து ஒரு பி வரலாம். ரெண்டாவது பி? ஒண்ணு, குழாய் மாறியிருக்கணும். இல்ல, அது தாயே இல்ல."

"தாய் அதுதான் சார். நானே பாத்தேன். பால் குடிச்சுது."

சார் குறிப்பேட்டைப் புரட்டி அந்த 'பா'வைப் பார்த்தார். என் எழுத்தை அவர் நம்பினார். இன்று நினைத்தாலும் அதுதான் எனக்கு வலிக்கிறது.

"முப்பத்தொண்ணு?" என்று கேட்டேன், ஏதோ பேச்சுக்குக் கேட்பது போல.

"அதுக்கு முடிவே வரலை. ரத்தம் கெட்டுப்போச்சு."

மறுபடி இரத்தம் எடுத்து வரச் சொன்னார். அரக்கப் பரக்க ஓடினேன். கிடா இல்லை. பக்ரீதுக்கு விற்றுவிட்டாளாம். போவதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருந்த பெட்டைகளுக்கெல்லாம் அவன்தான் மாப்பிள்ளையாக இருந்திருக்கிறான். கறுப்புக் குட்டிகள் அங்குமிங்கும் துள்ளிக்கொண்டிருந்தன. செம்பி கொட்டாயில் நின்றது. மடியில் புதிதாக ஏதோ குட்டி.

"மருதாயி, நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தக் கிடாவுக்கு இதுதானே தாய்?"

"எத்தனை தடவைங்க கேப்பீங்க? இதான், இதான், இதேதான்" என்றாள். எதற்கோ என் மேல் கோபப்பட்டாள். அந்தக் கோபம் எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிடா இல்ல. ஆனா அது போட்ட குட்டிங்க இருக்கு. குழாய் மாறலைன்னு நீங்க சொன்னா, நான் அதுங்கள்ட்ட ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லி மேல எழுதுறேன். நம்ம ஊர் ஆட்டுலயே இது இருக்குன்னா, கிடா வாங்க வெளியூர் போகவே வேணாம். குழாய் மாறியிருந்தா அன்னிக்கு எடுத்த அத்தனையையும் தள்ளிடணும். சொல்லுங்கம்மா, மாறுச்சா?"

மாறவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நிழல்கோடு கண்முன் வந்தது. ஏழுதானா அது? ஐஸ் தண்ணீர் இழுத்த கோடாக இருந்தால்? மாறவில்லை என்று சொல்லி, ஊர் முழுக்க ஆட்டைக் குத்தி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனால்? மை ஓடிய கதையைச் சொல்லவேண்டும்; அதை எட்டு மாதம் மறைத்ததையும் சொல்லவேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு இலையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

"மாறியிருக்கலாம் சார்" என்றேன்.

அவர் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு மையில் அந்த நாளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அறிக்கையில் இந்த வட்டாரத்துப் பள்ளையாடுகளில் பி காணப்படவில்லை என்று வந்தது. அதை வைத்து வெளியூர்க் கிடாக்களை ஊர் ஊராகக் கொடுத்தார்கள். ஆண்டிமடத்துக்கும் ஒன்று போனது. மருதாயி தெருவின் கறுப்புக் கிடாக்குட்டிகளுக்கு நானே காயடித்தேன். வெளியூர்க் கிடா மட்டும்தான் இனம் சேரவேண்டும் என்று அப்போது உத்தரவு. துள்ளிக்கொண்டிருந்தவற்றைப் பிடித்து, இடுக்கியை வைத்து நசுக்கியது இந்தக் கைதான்.

வருஷங்கள் ஓடின. சார் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். சில மாதங்களுக்கு முன் ஆண்டிமடத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் ஒரு கை என் தோளைத் தொட்டது.

"டாக்டரம்மா, என்னைத் தெரியுதுங்களா?"

மருதாயி. முடி வெளுத்திருந்தது. மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். பேச வேறென்ன இருக்கிறது, செம்பி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. கிழடு தட்டிப் போச்சு. எத்தனை குட்டிய ஆளாக்கி வுட்டுச்சு! பெத்தது பாதி, பெக்காதது பாதி."

"பெக்காததா?"

"தாய் செத்த குட்டிய எல்லாம் அதுகிட்டத்தாங்க வுடுவேன். நீங்க ரத்தம் எடுத்தீங்களே ஒரு கிடாக்குட்டி, அதுகூட அது பெத்தது இல்ல. கருப்பின்னு ஒண்ணு, சந்தையில புடிச்சாந்தது, எந்த ஊரு ஆடோ. ஈனுன கையோட செத்துப்போச்சு. செம்பியும் அன்னிக்குத்தான் ஈனியிருந்துச்சு. அதோட நஞ்சுக்கொடித் தண்ணிய எடுத்து இது மேல தடவி வுட்டேன். நக்கிக்கிட்டு, தன்னுதுன்னு சேத்துக்கிச்சு."

"மருதாயி, நான் ரெண்டு தடவை கேட்டேனே!"

"கேட்டீங்க. அது முதுவுல கையை வச்சுக்கிட்டே கேட்டா நான் எப்புடிங்க சொல்லுவேன்? பெத்தது இல்லன்னு அது காதுல வுழுந்துச்சுன்னா உதைச்சுத் தள்ளிடாதா? ரெண்டாந் தடவை வந்தப்பவும் மடியில வேற ஒரு செத்தவ குட்டி. எம் பொழப்பக் கெடுக்க வந்துட்டாங்களேன்னு எனக்கு அவ்ளோ கோவம். நாலு எட்டு வெளிய வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. ஆட்டுக்குத் தமிழ் புரியுமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆட்டோடு கிடந்தவள் நான். கொட்டாய்க்குள் ஆடு எதிரில் சொல்லக்கூடாத பேச்சு ஒன்று உண்டென்று எனக்கு எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷமா அழுகையா என்று தெரியவில்லை. செம்பி தாய் இல்லையென்றால், குழாய் மாறவேண்டிய அவசியமே இல்லை. கருப்பியிடமிருந்து ஒரு பி, தகப்பனிடமிருந்து இன்னொன்று வந்திருக்கலாம். அப்படியானால் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மை ஓடியதும் உண்மைதானே? கருப்பி பெற்றதாகவும் இருந்து, குழாயும் மாறியிருக்கலாமே? ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று முடிச்சு விழுகிறது. காயடித்த குட்டிகள் வேறு கண்ணில் துள்ளின.

வீட்டுக்கு வந்ததும் சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் உடைந்தது, மை ஓடியது, நிழல்கோடு, கருப்பி, நஞ்சுத் தண்ணீர்.

"அந்தம்மா சொன்னது?" என்றார் கடைசியில்.

"கேட்டது சார்."

"குழாயில நீங்க எழுதுன ஏழு?"

"நினைச்சது சார்."

"மாறியிருக்கலாம்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் நினைச்சதுதான் சார். பயந்துக்கிட்டு நினைச்சது."

போனில் துணி உரசுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாத்துக்கும் எழுத்துக் கேட்டேன். அன்னிக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கேக்கலை பாருங்க" என்றார். "கேட்டிருந்தா 'நி'ன்னு சொல்லியிருப்பீங்க. 'நி'ய வச்சு ஒரு நாளையே அடிச்சிருக்க மாட்டேன். எனக்கும் அந்த முடிவு சௌகரியமா இருந்துச்சும்மா. அந்தக் குறிப்பேடு உங்ககிட்ட இருக்கா?"

"நகல் இருக்கு சார்."

"நான் சிவப்பு மையில கோடு போட்டேன்ல, அது பக்கத்துல 'நி' போட்டுடுங்க. என் பேரையும் எழுதிடுங்க."

போட்டேன். பென்சிலால்தான்.

பிறகு முந்தைய பக்கத்தில் இருந்த வரிக்கு வந்தேன். 'தாய்: செம்பி. பா.' அதைத் திருத்தத்தான் பென்சிலைச் சீவினேன். இரண்டு குட்டிகளும் முட்டிய முட்டில் செம்பியின் பின்னங்கால்கள் தரையை விட்டு எழும்பியதும், அது விலகாமல் நின்றதும், கழுத்தைத் திருப்பி அந்தக் கறுப்புக் குட்டியை நக்கியதும் ஞாபகம் வந்தன. அதை நான் யார் சொல்லியும் கேட்கவில்லை. நினைக்கவும் இல்லை. சீவிய பென்சிலை மேசையில் வைத்தேன், அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் குறிப்பேட்டை மூடினேன்.